சீன மொழியில் 'வீடு' என்று எழுதினால் அதற்குள் பன்றி இருக்கிறதா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். புதுமனை புகுவிழாவுக்கு நண்பர் ஒருவர் சீனாவிலிருந்து மரப்பலகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதில் ஒரே ஒரு எழுத்து. 'வீடு என்று அர்த்தம்' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் வந்த இன்னொருவர் அதைப் பார்த்து, 'மேலே இருப்பது கூரை, கீழே இருப்பது பன்றி' என்று சொல்லிவிட்டார். இப்போது வீட்டுப் பெரியவர்கள் பலகையை மாட்டக் கூடாது என்கிறார்கள். பன்றி என்பது உண்மையா, உண்மை என்றால் மனிதர் வாழும் வீட்டுக்குப் பன்றியை ஏன் போட்டார்கள் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த எழுத்து எப்படிப் பிறந்தது என்பது ஒன்று. இன்றைக்கு அதைப் படிக்கிறவர் மனதில் என்ன தோன்றுகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பாதி பதில்தான் உறுதியாகக் கிடைக்கும். இரண்டாவதற்கு முழுதாகவே சொல்லிவிடலாம்.

நான் கல்லூரியில் சீனம் படித்து, இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். மாலையில் வகுப்பும் எடுக்கிறேன். பழைய எழுத்துகளைப் படியெடுத்த அச்சுப் பிரதிகளிலிருந்துதான் கற்றேன். அந்த எழுத்துகளைக் கீறிய பழைய எலும்பைக் கையில் வைத்து ஆராய்கிறவர்கள் வேறு. அந்த வரம்பை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் பலகையை எடுத்து வைத்துப் பாருங்கள். உச்சியில் ஒரு புள்ளி. அதன் கீழே இரண்டு பக்கமும் சற்றுத் தொங்குகிற, இரண்டு கோட்டால் ஆன ஒரு மூடி. இந்த மூன்று கோடும் சேர்ந்து கூரை. வீடு, அறை, கோயில், விருந்தாளி என்று வீட்டோடு தொடர்புள்ள ஏராளமான எழுத்துகளின் தலையில் இதே கூரை உட்கார்ந்திருக்கும். கூரைக்குக் கீழே ஏழு கோடுகள்: மேலே ஒரு படுக்கைக் கோடு, அதிலிருந்து முதுகெலும்பு போல வளைந்து இறங்கி அடியில் இடப்பக்கம் கொக்கியாகத் திரும்பும் ஒரு கோடு, அந்த முதுகிலிருந்து இடப்பக்கம் மூன்றும் வலப்பக்கம் இரண்டுமாகச் சாய்ந்து விழும் கோடுகள். மொத்தம் பத்து. இந்த எழுத்தை ஜியா என்று உயர்ந்த, சமமான குரலில் படிக்க வேண்டும். கீழ்ப்பாதியைத் தனியே எழுதினால் ஷி என்று படிப்பார்கள். அதற்குப் பன்றி என்றுதான் பொருள். ஆக, சொன்னவர் சொன்னது சரி. இதில் ஐயமே இல்லை.

இன்றைய வடிவத்தில் பன்றி தெரியாது. மூவாயிரம் ஆண்டு பின்னால் போனால் நன்றாகவே தெரியும். வடசீனத்து அன்யாங் நகருக்குப் பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ஆமை ஓடுகளிலும் மாட்டு எலும்புகளிலும் கி.மு. 13 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை குறி கேட்டுக் கீறிய எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் பல விலங்குகளைக் காலூன்றி நிற்கிற மாதிரி வரைய மாட்டார்கள். தலை மேலே, வால் கீழே, கால்கள் பக்கவாட்டில் என்று செங்குத்தாக நிறுத்திவிடுவார்கள். மேலிருந்து கீழாக வரிசை கட்டி எழுதுகிறவர்களுக்கு அகலமான விலங்கை ஒடுக்கமான இடத்தில் அடக்க அதுதான் வழி. பன்றியையும் நாயையும் இப்படி நிறுத்தினால் இரண்டும் ஒன்று போல ஆகிவிடும். அதனால் வேறுபாட்டுக்கு இரண்டே அடையாளம் வைத்துக்கொண்டார்கள். வயிறு பருத்து வால் தொங்கினால் பன்றி. வயிறு ஒட்டி வால் மேலே சுருண்டால் நாய். வகுப்பில் கரும்பலகையில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வரைந்து காட்டினால், அதற்கு முன் ஒரு சீன எழுத்துகூடத் தெரியாத பிள்ளைகள் ஒரு நொடியில் எது எதுவென்று சொல்லிவிடுவார்கள். ஜியா எழுத்தின் கூரைக்குள் இருப்பது வயிறு பருத்து வால் தொங்கும் விலங்குதான்.

சரி, ஏன் பன்றி? இங்கேதான் உறுதி முடிந்து வாதம் தொடங்குகிறது. வாட்ஸ்அப்பில் வரும் விளக்கம் எல்லாருக்கும் தெரிந்ததே: பன்றி வளர்த்தால்தான் அது குடும்பம், பன்றி செல்வத்தின் அடையாளம், அதனால் கூரைக்குள் பன்றி என்றால் வீடு. கேட்க நன்றாக இருக்கிறது. சீனாவில் பன்றியைப் பழக்கி வளர்க்கத் தொடங்கிச் சுமார் 8000 ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதும், பழைய கல்லறைகளில் பன்றித் தாடை எலும்புகளை இறந்தவரோடு வைத்துப் புதைத்தார்கள் என்பதும் அகழாய்வில் தெரிந்த உண்மைதான். ஆனால் பன்றி முக்கியமான விலங்கு என்பது ஒரு செய்தி. அதனால்தான் இந்த எழுத்து இப்படி அமைந்தது என்பது வேறு செய்தி. முதலாவதை நிரூபித்தால் இரண்டாவது தானாக நிரூபணம் ஆகிவிடாது.

சீனர்களே இந்தக் கேள்வியை 1900 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஷு ஷென் என்ற அறிஞர் கி.பி. 100 வாக்கில் எழுதி முடித்த ஷுவோவென் ஜியெட்ஸி என்ற அகராதிதான் எழுத்துகளைப் பிரித்துப் பொருள் சொல்லும் முதல் பெரிய நூல். 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளில் அடுக்கியிருக்கிறார். அதில் ஜியா எழுத்துக்கு அவர் தருகிற விளக்கம் மிகச் சிறியது. பொருள்: வசிப்பிடம். கூரை பொருளைக் காட்டுகிறது. கீழே இருப்பது ஆண்பன்றியைக் குறிக்கும் ஓர் எழுத்தின் சுருக்கம். அது ஒலியைக் காட்டுகிறது. அவ்வளவுதான். செல்வம், வளம் என்று எந்தக் கதையும் இல்லை. ஆண்பன்றிக்குப் பழைய சீனத்தில் ஒரு தனிச்சொல் இருந்தது. அதன் ஒலியும் ஜியா. 'ஜியா என்று படி' என்று நினைவூட்டத்தான் பன்றி அங்கே நிற்கிறது என்கிறார் ஷு ஷென்.

இதை எல்லாரும் ஏற்கவில்லை. அந்த அகராதிக்கு மிகப் பெரிய உரை எழுதியவர் துவான் யூசாய். அவர் உரை 1815-இல் அச்சில் முழுமையாக வந்தது. நூலாசிரியரைக் கொண்டாடி உரை எழுதுகிற அந்த மனிதர் இந்த இடத்தில் நின்று, இது பெரிய ஐயத்துக்குரிய வழக்கு என்கிறார். கண்ணுக்குத் தெரிவது வெறும் பன்றி. பன்றியை ஓர் உறுப்பாக, அதாவது எழுத்தின் ஒரு பகுதியாக, கொண்ட எழுத்துகள் எத்தனையோ இருக்க, இது மட்டும் ஆண்பன்றியின் சுருக்கம் என்று எப்படித் தெரியும்? ஒலியைத்தான் காட்ட வேண்டும் என்றால் அந்த ஒலிக்கு வழக்கமான உறுப்பை நேராகப் போட்டிருக்கலாமே, ஏன் இந்தச் சுற்றுவழி? கேள்விகளைக் கேட்டுவிட்டுத் தன் கருத்தையும் சொல்கிறார். இந்த எழுத்து முதலில் பன்றி வசிக்கும் இடத்தையே குறித்தது. பிறகு மனிதர் வசிக்கும் இடத்துக்குப் பெயர்ந்தது. இதற்குத் துணையாக அவர் காட்டும் எழுத்து லாவ்: மூடிக்குள் மாடு. அது முதலில் மாட்டுக் கொட்டில், பிறகு சிறைச்சாலை. பன்றி நிறையக் குட்டி போடும், அதனால் மனிதர் கூடி வாழும் இடத்துக்கு அந்த எழுத்தை எடுத்துக்கொண்டார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். வாட்ஸ்அப் விளக்கத்துக்கு ஒரு முன்னோர் உண்டென்றால் அது இந்த வரிதான்.

மூன்றாவது விளக்கம் வூ டாசெங் என்ற 19-ஆம் நூற்றாண்டு அறிஞருடையது. பழைய வெண்கலப் பாத்திரங்களில் வார்த்த எழுத்துகளை ஆராய்ந்தவர். சாதாரணக் குடிமக்களுக்குத் தனியாக முன்னோர் கோயில் கிடையாது. அவர்கள் வீட்டுக்குள்ளேயே பன்றியைப் படைத்து வழிபட்டார்கள். கூரையின் கீழே படைத்த பன்றிதான் இந்த எழுத்து என்றார் அவர். இதை எளிதாக ஒதுக்க முடியாது. அன்யாங் எலும்புகளில் ஜியா என்ற சொல் சில இடங்களில் முன்னோர் ஒருவரின் பெயரோடு சேர்ந்து, அவரை வழிபடும் இடத்தைக் குறிக்கிற மாதிரி வருகிறது. படையல் விலங்குகளில் பன்றி அடிக்கடி வருவதும் உண்மை.

இன்னொன்றும் இணையத்தில் சுற்றுகிறது: மேல்தளத்தில் மனிதர், கீழ்த்தளத்தில் பன்றி என்று கால் நட்டுக் கட்டிய வீடுகளின் படம் இது என்று. இதை நான் ஏற்பதில்லை. அப்படிப்பட்ட வீடுகள் தென்சீனத்து ஈரநிலத்துக்கு உரியவை. இந்த எழுத்து நமக்கு முதலில் கிடைக்கும் இடமோ வடக்கில், மஞ்சளாற்றுச் சமவெளியில். அங்கே மண்ணை இடித்துக் கெட்டியாக்கிய மேடை மேல் கட்டினார்கள். ஏழைகள் பாதி நிலத்துக்குள் இறங்கிய குழிவீடுகளில் வாழ்ந்தார்கள். மனிதருக்குக் கீழே பன்றி நிற்க இடமில்லை. சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஹான் அரசமரபுக் காலத்துக் கல்லறைகளில் கழிப்பிடத்தோடு ஒட்டிய பன்றிக்கொட்டிலின் சுடுமண் பொம்மைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றையும் சிலர் இங்கே சான்றாகக் கொண்டுவருவார்கள். ஆனால் அதற்குத் தனி எழுத்தே இருக்கிறது: நான்கு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் பன்றி. ஹுன் என்று படிக்க வேண்டும். கொட்டில், கழிப்பிடம் இரண்டும் அதன் பொருள்.

என் சாய்வு ஷு ஷென் பக்கம், ஒரு சிறு திருத்தத்தோடு. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒலி விளக்கம் நிற்க வேண்டுமென்றால் வீட்டுக்கான சொல்லும் ஆண்பன்றிக்கான சொல்லும் இன்றைக்கு ஒத்துப்போனால் போதாது, அன்றைக்கே ஒத்துப்போயிருக்க வேண்டும். இன்றைய பெய்ஜிங் பேச்சில் ஜியா என்றாலும், தென்சீனத்தில் கான்டனீஸ் பேசுகிறவர்கள் இந்த எழுத்தைக் கா என்கிறார்கள். ஹொக்கியன் என்ற இன்னொரு தென்சீனப் பேச்சில் கே. ஜப்பானியரும் கொரியரும் வாங்கிக்கொண்டதும் ககர ஒலியோடுதான். முதலில் இருந்த ககரம் வடக்கில் பிற்காலத்தில் ஜகரமாக மெலிந்துவிட்டது. நமக்கு இது புதிதல்ல. கன்னடத்தில் காது கிவி, நம்மிடம் செவி. ககரம் சகரமான அதே வகை மாற்றம்தான். உயிரொலிக்குச் சான்று பழைய பாடல்களில் இருக்கிறது. ஷிஜிங் என்ற தொகையில் பீச் மரம் பூத்து நிற்பதைப் பாடிப் புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணை வாழ்த்தும் பாட்டு ஒன்று உண்டு. அதில் பூ என்ற ஹுவாவும் ஜியாவும் இயைபாக வருகின்றன. இது இன்றும் இயைகிறது. அதே தொகையில், எல்லைப் போரில் மாட்டிக்கொண்ட வீரர்கள் வீடும் இல்லை குடும்பமும் இல்லை என்று புலம்பும் பாட்டில் ஜியாவுக்கு இயைபாக வருவது 'காரணம்' என்று பொருள்படும் கூ. இன்றைக்கு ஜியாவும் கூவும் எந்தக் காதுக்கும் இயையாது. அன்றைக்கு இயைந்திருக்கின்றன. இன்னொரு சின்னத் தடயம்: ஹான் காலத்துப் பெண் அறிஞர் பான் ஜாவுக்கு அரண்மனையில் கிடைத்த மரியாதைப் பெயரில் இதே ஜியா எழுத்து வருகிறது. ஆனால் அந்தப் பெயரில் மட்டும் அதைக் கூ என்றுதான் படிக்க வேண்டும் என்று படித்தவர்கள் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆண்பன்றிக்கான சொல்லும் இதே பழைய இயைபு வகையில், இதே ககரத் தொடக்கத்தோடு அமைகிறது. ஆக ஒலிப் பொருத்தம் தற்செயல் இல்லை என்றே படுகிறது.

திருத்தம் என்று சொன்னது இது. ஷு ஷென் 'சுருக்கம்' என்றார். அவர் காலத்தில் ஆண்பன்றிக்கான எழுத்து பெரியதாக, பக்கத்தில் தனி ஒலியுறுப்போடு இருந்தது. அதிலிருந்து பாதியை வெட்டி எடுத்ததாக அவர் நினைத்தார். ஆனால் அன்யாங் எலும்புகளில் இந்தக் கூரைக்குள் நிற்கும் பன்றிகள் சிலவற்றின் வயிற்றடியில் ஆண்குறியைக் காட்டும் ஒரு சிறு கீறல் இருக்கிறது. அங்கே நிற்பது ஆண்பன்றியின் முழுப் படமே. பிற்காலத்தில் அந்தக் கீறல் உதிர்ந்துபோய், சாதாரணப் பன்றியோடு கலந்துவிட்டது. துவான் யூசாய் பார்த்தது கலந்த பிறகு உள்ள வடிவம். அதனால்தான் அவருக்கு அது சுற்றுவழியாகத் தெரிந்தது. ஷு ஷென் காலத்தில் இந்த எலும்புகள் மண்ணுக்குள் கிடந்தன. 1899 வாக்கில் வாங் யிரோங் போன்றவர்கள் அடையாளம் காணும்வரை யாருக்கும் அவற்றில் எழுத்து இருப்பது தெரியாது. பார்க்காத ஒரு வடிவத்தின் உண்மையை, பள்ளிக்கூடப் பரம்பரையில் கேட்டதை வைத்தே ஷு ஷென் பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

இருந்தாலும் இதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். எல்லா எலும்பு வடிவங்களிலும் அந்தக் கீறல் இல்லை. வெறும் பன்றியாக நிற்பவையும் பல. ஒலிக்காக ஒரு விலங்கைத் தேடியவர், வீட்டில் படைக்கிற விலங்கே அந்த ஒலியோடும் கிடைத்ததால் அதை எடுத்தார் என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. ஒலியும் பொருளும் சேர்ந்தே வேலை செய்த எழுத்துகள் சீனத்தில் நிறைய உண்டு.

ஒலி விளக்கத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சீன எழுத்து என்றாலே படம் என்று நம்மிடையே பரவியிருக்கிற எண்ணம். சீன எழுத்துகளில் பத்தில் எட்டுக்கு மேல் ஒரு பக்கம் பொருளையும் மறுபக்கம் ஒலியையும் காட்டும் கூட்டெழுத்துகள். இந்த ஜியாவே மற்ற எழுத்துகளுக்குள் போய் ஒலியுறுப்பாக உட்காருகிறது. பக்கத்தில் தானியக் கதிரை வைத்தால் பயிர் என்று பொருள். அதுவும் ஜியாதான், தொனி மட்டும் மாறும். எல்லாவற்றையும் படமாகப் பார்க்கத் தொடங்கினால் கதைகள் கட்டுமீறிப் போகும். 'ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பெண்கள் என்றால் சீன மொழியில் சண்டை' என்று ஒரு செய்தி ஆண்டுக்கு இரண்டு முறையாவது எனக்கு வரும். கூரைக்குக் கீழே ஒரு பெண் இருந்தால் அமைதி என்பது உண்மை. அது ஆன் என்ற எழுத்து. ஷு ஷென் அகராதியில் இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஓர் எழுத்துக்கு வழக்காடுதல் என்று பொருள் கொடுத்திருப்பதும் உண்மை. ஆனால் அதன் மேல் கூரை கிடையாது; எழுத்தும் வழக்கில் கிடையாது. இரண்டையும் யாரோ ஒட்டவைத்துவிட்டார்கள்.

இனிப் பொருளுக்கு வருகிறேன். உங்கள் நண்பர் 'வீடு' என்று சொன்னது தவறில்லை, ஆனால் போதாது. செங்கலும் சிமென்ட்டுமாகக் கட்டுகிற வீட்டுக்குச் சீனத்தில் ஃபாங்ட்ஸி என்று வேறு சொல் இருக்கிறது. விற்பதும் வாங்குவதும் அதைத்தான். ஜியா என்பது அதற்குள் வாழ்கிறவர்கள். தமிழில் ஒரு சொல் கொண்டுவர வேண்டுமென்றால் நான் 'குடி' என்பேன். குடித்தனம், குடியிருப்பு, குடிபுகுதல், உயர்ந்த குடி, குடிமக்கள் என்று நம் சொல் எங்கெல்லாம் போகிறதோ, கிட்டத்தட்ட அங்கெல்லாம் ஜியாவும் போகிறது. ஒரு மாடிவீட்டில் மூன்று குடித்தனம் இருக்கிறது என்று நாம் சொல்வதில்லையா, அந்த மூன்றும் மூன்று ஜியா.

பழைய நூல்களில் இது இன்னும் பெரிதாக விரிகிறது. கன்ஃபூசியஸ் வழிச் சிந்தனையாளரான மென்சியஸின் நூலின் தொடக்கத்திலேயே, பத்தாயிரம் தேர் உள்ள நாட்டின் மன்னனைக் கொல்கிறவன் ஆயிரம் தேர் உள்ள ஜியாவிலிருந்துதான் வருவான் என்று அவர் ஓர் அரசனை எச்சரிக்கிறார். ஆயிரம் தேர் நிற்கிற இடம் நாம் நினைக்கிற வீடு இல்லை. சிற்றரசர் ஆள்வது குவோ, அவருக்கு அடுத்த நிலைப் பெருங்குடித் தலைவர் ஆள்வது ஜியா. கன்ஃபூசியஸ் பிறந்த லூ நாட்டில் மன்னரை மிஞ்சி நின்ற மூன்று பெருங்குடிகளை அவருடைய உரையாடல் நூல் 'மூன்று ஜியா' என்றே குறிப்பிடுகிறது. அந்தக் குவோவும் ஜியாவும் சேர்ந்த குவோஜியாதான் இன்றைக்கு நாடு, அரசு என்பதற்கான சாதாரணச் சொல்.

குடி என்றால் ஒரு மரபு. மரபு என்றால் ஒரு சிந்தனைப் பள்ளியும் மரபுதான். சிமா தான் என்ற ஹான் கால அறிஞர் தமக்கு முந்தைய சிந்தனையாளர்களை ஆறு ஜியாவாகப் பிரித்தார். கன்ஃபூசியஸ் வழி ஒரு ஜியா, தாவ் வழி ஒரு ஜியா, சட்டவாதிகள் ஒரு ஜியா. அங்கிருந்து இன்னோர் அடி வைத்தால், ஒரு துறையைத் தன் குடும்பத் தொழில் போலக் கைவரப்பெற்றவர். எழுத்தாளர், ஓவியர், விஞ்ஞானி, நிபுணர் என்று எல்லாச் சொல்லின் வாலிலும் ஜியா வரும். ஜப்பானியர் இதைக் கா என்று எடுத்துக்கொண்டார்கள். கராத்தே பழகுகிறவரைக் கராத்தேகா என்கிறோமே, அந்தக் கா உங்கள் பலகையில் இருக்கிற இதே எழுத்து.

கடை, நிறுவனம் இவற்றை எண்ணவும் ஜியா வரும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பேச்சுவார்த்தையில் 'இரண்டு ஜியாவும் சேர்ந்து பொறுப்பு' என்று சொன்னதை நான் 'இரண்டு குடும்பங்களும்' என்று மொழிபெயர்த்துவிட்டேன். மேசையின் இந்தப் பக்கம் இருந்தவர்கள், நம் குடும்பத்தை ஏன் இதில் இழுக்கிறார்கள் என்று முகம் சிவந்துவிட்டார்கள். அவர் சொன்னது இரண்டு நிறுவனங்கள். அன்று மன்னிப்புக் கேட்டு விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து மாணவர்களுக்கு முதல் மாதமே இந்தப் பயன்பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். 'பெரிய' என்ற சொல்லோடு சேர்ந்தால் தாஜியா, அதாவது எல்லாரும். 'மனிதர்' என்ற சொல்லோடு சேர்ந்தால் ரென்ஜியா, அதாவது மற்றவர்கள்; சிணுங்கலாகச் சொன்னால் 'நான்' என்றும் ஆகும். அப்பாவைப் பிறரிடம் பணிவோடு குறிப்பிடும்போது 'என் ஜியாவின் தந்தை' என்று எழுதுவார்கள்.

பெண்ணைக் குறிக்கும் உறுப்பை ஜியாவின் இடப்பக்கம் வைத்தால், ஒரு பெண் திருமணமாகிப் போவது என்று பொருள். ஆண் திருமணம் செய்வதற்கு வேறு எழுத்து. 'வீடு தேடிப் போகிறவள்' என்ற நினைப்பு அதில் இருக்கிறது. மனையிலிருந்து மனைவியும் இல்லத்திலிருந்து இல்லாளும் வந்த மொழி நம்முடையது, அதனால் நமக்கு இது சட்டென்று புரிந்துவிடுகிறது.

துறவுக்கு வரும்போதுதான் இரண்டு மொழிகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. பௌத்தம் இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போனபோது துறவறம் ஏற்பதை ச்சூஜியா என்று சொன்னார்கள்: ஜியாவை விட்டு வெளியேறுதல். இன்றும் பிக்குவாவதற்கு அதுதான் சொல். நம்மிடமோ எல்லாவற்றையும் விட்டபின் கிடைப்பதற்குப் பெயரே வீடு. அறம், பொருள், இன்பம், வீடு என்கிறோம். விடு என்பதிலிருந்து வந்த வீடு. ச்சூஜியா என்ற சொல்லைத் தமிழில் பெயர்க்கும் போதெல்லாம் நான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிடுவேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. சீனர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து அந்தப் பலகையைப் பார்த்தால் பன்றியை நினைப்பாரா? நினைக்க மாட்டார். பன்றிக்கான ஷி என்ற பழைய சொல் பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது; இன்றைய சொல் ஜூ, அதற்கு எழுத்தும் வேறு. கேட்டால் 'ஆமாம், பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள்' என்பார். ஆனால் எழுத்தைப் பார்த்தவுடன் அவர் மனதில் வருவது அம்மா, சோறு, ஊர், புத்தாண்டுக்கு ரயில் பிடித்துப் போகிற வீடு. 'நாற்காலி' என்று சொல்லும்போது நாம் நான்கு காலை எண்ணிப் பார்ப்பதில்லையே, அப்படித்தான். உங்கள் பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கீழே இருப்பது பன்றிதான் என்பதை மட்டும் மறைக்காதீர்கள். மறைத்தால் இன்னொருவர் வந்து சொல்லும்போது சங்கடமாகிவிடும்.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் நண்பரிடம் ஜியா ஹெ வான் ஷி ஷிங் என்று ஐந்து எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். 'குடும்பம் ஒத்திருந்தால் எல்லாக் காரியமும் தழைக்கும்' என்று பொருள். சீன வீடுகளில் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டுகிற வாசகம் அதுதான். முதல் எழுத்து அதே ஜியாதான், ஆனால் மற்ற நான்கோடு சேர்ந்து நிற்கும்போது அதை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். மாட்டும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். நற்பேற்றைக் குறிக்கும் ஃபூ எழுத்தைச் சீனர்கள் வேண்டுமென்றே தலைகீழாகக் கதவில் ஒட்டுவார்கள். தலைகீழ் என்பதற்கும் வந்து சேர்தல் என்பதற்கும் ஒலி ஒன்று என்பதால். ஜியாவுக்கு அந்த வழக்கம் கிடையாது. புள்ளி மேலே இருக்க வேண்டும், அடிக்கொக்கி இடப்பக்கம் பார்க்க வேண்டும்.